வேண்டுதலும் வெள்ளை அணுவும்

எங்கள் ஊரில் கரப்பான் பூச்சி ரத்தம் தின்னும். குளிர் தேசத்து விஞ்ஞானிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கென்ன, ரத்தத்தை எடுத்தோமா, கண்ணாடியில் தேய்த்தோமா, காய வைத்தோமா என்று நிம்மதியாக வேலை செய்வார்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஒரு சொட்டு ரத்தம் லேசில் காயாது. கண்ணாடிச் சில்லின் மேல் அதைச் சன்னமாக இழுத்துவிட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே நிற்க வேண்டும். அந்தச் சில்லுக்கு ஸ்லைடு என்று பெயர். காய்ந்த ஸ்லைடை மேசையில் வைத்துவிட்டு யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசித் திரும்பினால், நடுவில் ஒரு வட்டத்தைப் பூச்சி வழித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கும். ஒரு குழந்தையை அழ அழக் குத்தி எடுத்த ரத்தம் அது. எனக்கு வருகிற ஆத்திரத்தில் செருப்போடு பரிசோதனைக்கூடம் முழுக்கத் துரத்துவேன். கடைசியில், வீட்டில் பலகார அலமாரிக்குச் செய்வதுபோல, மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தி வைத்தேன். லுகேமியா ஆராய்ச்சியில் என்னுடைய முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் டாக்டர் இல்லை, விலங்கியல் படித்தவள். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னை டாக்டரம்மா என்பார்கள், நான் இல்லை இல்லை என்பேன். போகப் போக எல்லோருக்கும் ‘மிஸ்’ ஆனேன். எங்கள் வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, “ரத்தத்தப் பாத்தே ஆயுச சொல்லிடுவியாமே” என்பார்கள். என் அம்மாவுக்கு அதில் பெருமை பாதி, அருவருப்பு பாதி. “யார் யாரு ரத்தமோ, பின்பக்கமா வந்து குளிச்சிட்டு அடுப்படிக்கு வா” என்பாள். குளித்துவிட்டு வந்தால் தட்டில் எனக்கென்று வறுத்த மீன் காத்திருக்கும்.

பெண்கள் கேட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. லுகேமியா என்பது ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் மஜ்ஜை என்று ஒன்று இருக்கிறது, ரத்தம் ஊறுகிற இடம் அது. அங்கே வெள்ளை அணுக்கள் முதிராமலே பெருகிப் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். குழந்தை வெளிறிப் போகும், தொட்டால் கன்றிப் போகும், ஈறில் ரத்தம் கசியும். என் முதல் வருஷங்களில் ஒரு குழந்தையின் ஸ்லைடில் அந்த அணுக்களைப் பார்த்து நான் அறிக்கை எழுதினால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது சில வாரங்கள்தான். வார்டுப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காது. என் மைக்ராஸ்கோப் உண்டு, நான் உண்டு என்று இருந்தேன்.

அறுபதுகள் தொடங்கியபோது வெளிநாட்டில் பயிற்சி முடித்த ஒரு குழந்தை மருத்துவர் எங்களிடம் வந்தார். சீனர். ஒல்லியான மனிதர், ஓயாமல் காப்பி குடிப்பார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். புதிதாக வந்திருந்த மாத்திரைகளை அவர் குழந்தைகளுக்குக் கொடுப்பார். அவற்றுக்கு ரத்தம் என்ன பதில் சொல்கிறது என்று நான் பார்த்து எழுத வேண்டும். வாராவாரம் விரல் நுனியில் ரத்தம், அவ்வப்போது இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை. எங்கள் ஆராய்ச்சி அவ்வளவுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மாத்திரைக்கு நோய் இறங்காத குழந்தைகள் இருந்தார்கள், மாத்திரையே தாங்காத குழந்தைகளும் இருந்தார்கள்.

அப்போது வந்தவள்தான் பாப்பா. பள்ளிக்கூடம் போகிற வயசு இன்னும் ஆகவில்லை. அப்பா கிராஞ்சிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர். அம்மா அதிகம் பேசாதவர், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அப்பா தூக்கிக்கொண்டு வந்தபோது பாப்பாவுக்கு நிற்கத் தெம்பில்லை. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. நான் வலது கையைப் பிடித்ததும், “இதுல வேணாம், இது நான் எழுதப் போற வெரல்” என்றாள். அன்றிலிருந்து இடது கைதான். ஊசிக்கு முன்னாலேயே பிளாஸ்திரியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வாள். என்னை அவள் நம்பவில்லை, சரியான ஆள்.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்கள் போயிருக்கும். அவளுடைய மஜ்ஜை ஸ்லைடைச் சாயம் போட்டு எடுத்துப் பார்த்தேன். நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன், அந்த முதிராத அணுக்களைக் காணோம். எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன. சிவப்பு வரும் வழியில் சிவப்பு, வெள்ளை வரும் வழியில் வெள்ளை. புத்தகத்தில் போட்ட படம்போல இருந்தது. நான் போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வேறு பிள்ளையின் ஸ்லைடை மாற்றி வைத்துவிட்டேனோ என்று சந்தேகம். எனக்குச் சுருக்கென்றது. “படிச்சீங்களா, போதுமா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “சாரி லா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பாப்பா நடந்தாள், ஓடினாள், வார்டில் இருந்த மற்றப் பிள்ளைகளின் ரொட்டியைப் பிடுங்கித் தின்றாள். வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரை தொடர வேண்டும், ரத்தம் பார்க்க வர வேண்டும் என்று டாக்டர் மலாயில் சொல்லி அனுப்பினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்த நோய் போவதுபோலப் போய்த் திரும்பி வரும் என்று நாங்கள் படித்த எல்லாக் கட்டுரையிலும் இருந்தது. அந்தக் காலத்தில் அதைப் பெற்றோரிடம் சொல்லும் பழக்கம் இல்லை. நல்ல முகத்தைக் காட்டி அனுப்புவதுதான் இரக்கம் என்று நினைத்தோம்.

தை மாதம் நெருங்கியபோது ஒரு காலை அப்பாவும் அம்மாவும் பாப்பாவை வார்டில் நர்சிடம் விட்டுவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு பேர் முகமும் சரியில்லை. வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அப்பாதான் ஆரம்பித்தார். “மிஸ், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாப்பாவுக்கு நல்லாயிடுச்சா, இல்லியா?”

“ஏன், என்ன விஷயம்?”

“புள்ளைக்கு நல்லானா தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுக்கறேன், அவளுக்கு மொட்ட போடறேன்னு முருகங்கிட்ட வேண்டிக்கிட்டேன். இப்ப நல்லாத்தானே ஓடியாடுது? விரதம் தொடங்கணும். இவ வேணாங்கறா.”

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “வேணாம். பாக்கி இருக்கட்டும். வேண்டுதல் பாக்கி இருக்கற வரைக்கும் அவன் புள்ளையக் கைவிடமாட்டான். எல்லாத்தையும் செஞ்சி முடிச்சிட்டா அவனுக்கு நம்மகிட்ட என்ன வேல இருக்கு?”

“சாமிகிட்ட பாக்கி வெச்சா வெளங்குமா? கொடுத்தப்புறம் ஏமாத்தலாமா?”

“ஏமாத்தச் சொல்லல. மெதுவா செய்வோங்கறேன்.”

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கத்தோலிக்கச்சி. வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்கிற வீட்டில் வளர்ந்தவள், அதனால் அவர்கள் பேசியது ஒவ்வொன்றும் எனக்கு நன்றாகப் புரிந்தது. வகையாக மாட்டிக்கொண்டேன். நல்லாயிடுச்சு என்று சொன்னால் காவடி எடுப்பார். கூடவே மாத்திரையையும் நிறுத்திவிடுவார், நல்லான பிள்ளைக்கு எதற்கு மருந்து? ஊசிக்கும் வரமாட்டார்கள், நோய் சீக்கிரமே திரும்பும். நல்லாகவில்லை என்று சொன்னால் அந்தத் தாயின் வயிற்றில் நான் நெருப்பைக் கொட்டியவள் ஆவேன்.

என்ன சொல்வதென்று தெரியாதபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். “என்னைய என்ன கோயில் பூசாரின்னு நெனச்சீங்களா? நான் ரத்தம் பாக்கறவ. ரத்தத்தக் காட்டறேன், நீங்களே பாத்துக்குங்க” என்று இரைந்துவிட்டு, பாப்பாவின் இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்தேன். முதலில் வந்தபோது எடுத்தது ஒன்று, இப்போது எடுத்தது ஒன்று. அதற்கு முன் எந்தப் பெற்றோரும் என் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததில்லை.

அப்பா குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் தடுமாறினார், கையால் மூடிக்கொள்ளச் சொன்னேன். முதல் ஸ்லைடைப் பார்த்து, “ஊதாவா, கசகசன்னு இருக்குதே” என்றார். அதுதான் நோய் என்றேன். இரண்டாவதைப் பார்த்தார். நிமிரவே இல்லை. தன் பெண்ணின் ரத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“தோட்டத்துல லாலாங் புல்லு மண்டிக் கெடந்து, வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு மிஸ்” என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மேல வெட்டியாச்சி. வேரு?”

நான் பயந்த கேள்வி அதுதான். டாக்டரும் நானும் காப்பி ஆறிப்போகும் வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். இனி மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“இன்னைக்கு ரத்தம் சுத்தமா இருக்கு. அது பொய் இல்ல. ஆனா வேர் உள்ள இருக்கலாம். இந்த மைக்ராஸ்கோப்புக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரைய நிறுத்தினா கட்டாயம் திரும்பி வரும். நிறுத்தாட்டியும் வரலாம். இதுவரைக்கும் வராம நாங்க பாக்கல.”

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார். “ராத்திரியில அவ ஒடம்பத் தடவிப் பாத்துக்கிட்டேதான் படுக்கறேன். இவங்கதான் நம்பல.” பிறகு என்னிடம், “நல்லாயிடுச்சின்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, பின்னால நான் உங்கள மன்னிச்சே இருக்க மாட்டேன்” என்றார்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விசிறியைக் கையில் எடுத்துச் சும்மா விசிறிக்கொண்டிருந்தார். கடைசியில், “நான் தூக்கிக்கிட்டு வந்தப்ப நிக்க முடியல. புள்ள நடக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். நடக்கறா. கேட்டத அவன் கொடுத்துட்டான். நான் காவடி எடுக்கறேன்” என்றார். அம்மா அவர் கையிலிருந்து விசிறியை வாங்கி மேசையில் வைத்தார். சம்மதம் என்றும் சொல்ல முடியாது.

அத்தோடு விடுவேனா? மொட்டை கூடாது என்றேன். அந்த மாத்திரை சாப்பிடுகிற வரை, கத்தி பட்டால் பாப்பாவுக்கு ரத்தம் லேசில் நிற்காது. கூட்டத்தில் நாளெல்லாம் நிற்கக் கூடாது, சளி ஒட்டினால் பெரிய வம்பு. அப்பா முகம் தொங்கிப் போயிற்று. வேண்டிக்கொண்டது மொட்டைதானே. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். “பூமுடி எறக்கலாம், கத்தரிக்கோல் போதும்” என்றார். உச்சியில் ஒரு கொத்து முடியை மட்டும் வெட்டிக் காணிக்கை கொடுப்பது. வேண்டாம் என்று நின்றவரே வழியும் சொன்னார். நான் எங்கள் கத்தரிக்கோல் ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சுத்தத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். திருப்பித் தர வேண்டும் என்றும் கறாராகச் சொன்னேன், எங்களிடம் இருந்ததே கொஞ்சம்.

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று தயாராகவே போனேன், பதிலும் வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேரைப் பற்றி அவரே கேட்டாரா?” என்றார். ஆமாம் என்றேன். “இனிமேல் பெற்றோரிடம் பேசும்போது நீயும் கூட இரு. மைக்ராஸ்கோப்பும் இருக்கட்டும்” என்றார். அந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்த காலம் முழுக்க அந்த வழக்கம் நிலைத்தது. மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். அதற்காக எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதெல்லாம் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு. பிளாஸ்திரியும் பஞ்சும் கைப்பையில் போட்டுக்கொண்டு, காவடி ஊர்வலம் வருகிற டோபி காட் ரோட்டோரத்தில் போய் நின்றேன். அம்மாவும் பாப்பாவும் ஒரு கடை நிழலில் காத்திருந்தார்கள். ஊர்வலம் முழுக்க நடக்க விடக் கூடாது என்றதால், டேங்க் ரோடு கோயிலுக்குப் போகிற கடைசித் தூரம் மட்டும் பாப்பா நடக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். மஞ்சள் பாவாடை, கையில் ஒரு குட்டிப் பால் செம்பு. அப்பா காவடியோடு வந்ததும் பாப்பா செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். “மெதுவா வாங்கப்பா, பால் சிந்துது” என்று அதட்டிக்கொண்டே நடந்தாள். அலகு குத்திய வாயோடு அவர் சிரிக்கவும் முடியாமல் தலையை ஆட்டினார். நான் பக்கத்திலேயே நடந்தேன். பிளாஸ்திரிக்கு வேலை வரவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு எந்தக் கட்டுரையும் ஈடாகாது.

நோய் மழைக்காலத்துக்கு முன்னாலேயே திரும்பியது. முதலில் பார்த்தவள் நான்தான். நல்லதையும் கெட்டதையும் ஊருக்கு முன்னால் பார்த்துத் தொலைக்கிற தொழில் இது. ஸ்லைடை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“வந்துடுச்சா மிஸ்?”

“ஆமா.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேனே, பாக்கியை அடைத்துவிட்டீர்களே என்று அம்மா சொல்லப் போகிறார் என அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அப்பாவின் தோளிலிருந்து பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை நோய் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. திரும்பி வந்த அணுக்கள் முந்தியவைபோலவே இருக்கின்றனவா, மாறிவிட்டனவா என்று பார்க்க இன்னொரு முறை மஜ்ஜை வேண்டியிருந்தது. அது பாப்பாவுக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதை டாக்டர் மறைக்காமல் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். எனக்கு நாக்குக் கூசியது. மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அம்மா யோசித்தார். “நீங்க எங்ககிட்ட ஒண்ணும் மறைக்கல. எடுத்துக்குங்க. மரத்துப்போற ஊசிய மட்டும் நல்லா போடச் சொல்லுங்க” என்றார்.

பாப்பா போன பிறகும் அந்த ஸ்லைடுகள் இருந்தன. அவற்றிலிருந்துதான் எங்கள் முதல் கட்டுரை வந்தது. அதற்குப் பின் நான் செய்ததெல்லாம் அந்த வேரைத் தேடியதுதான். ரத்தம் சுத்தமாகத் தெரியும்போது நோய் எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது என்று வாழ்நாள் முழுக்கத் தோண்டினேன். பிற்காலத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நல்ல கருவிகளோடு வந்து அதைக் கண்டார்கள். இப்போது பிள்ளைகள் பிழைத்து வளர்ந்து கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறார்கள். கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்ல ஓர் இடம் விடுவார்கள். அதில் ஆஸ்பத்திரிக்கும், பண உதவி செய்தவர்களுக்கும், சாயம் தந்தவர்களுக்கும் நன்றி எழுதினோம். ஒரு லாரிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் நன்றி எழுத அங்கே வழக்கம் இல்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

மறு தைப்பூசத்துக்கு நான் போகவில்லை. அவர்களும் வந்திருக்க மாட்டார்கள், துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீடு. அதற்கும் அடுத்த தைப்பூசம். ஏதோ வாங்க வந்தவள் டோபி காட் ரோட்டோரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். காவடிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் கீழே பாப்பாவின் அப்பாவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பக்கத்தில், தலையில் பால்குடத்தோடு அம்மா.

எனக்கு ரத்தம் கொதித்தது. எதற்கு இன்னும்? கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்ட சாமிக்கு எதற்கு இன்னும் உடம்பைக் குத்திக்கொள்வது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய்விட்டேன். என் வாய் எந்தக் காலத்தில் சும்மா இருந்தது?

“இப்ப எதுக்கும்மா இது? இன்னும் என்ன வேண்டுதல் இருக்கு?”

வெயிலில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

“வேண்டுதல் ஒண்ணும் இல்ல மிஸ். அந்த வருசம் இதே ரோட்டுல அவ எங்ககூட நடந்தா இல்ல, அதுக்கு.”

நடைபாதையில் கடைக்காரர்கள் காவடிக்காரர்களின் காலுக்கு ஊற்ற வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் ஒரு சொம்பு மொண்டு வந்து, தார் கொதிக்கும் அந்த ரோட்டில், முதலில் அவர் காலிலும் பிறகு அவர் கணவர் காலிலும் ஊற்றினேன்.